கௌபாய் ஆக்‌ஷன் போட்டியில் கை வலிக்கிறதா? முதலில் கட்டைவிரலைப் பாருங்கள்

கௌபாய் ஆக்‌ஷன் என்பது பழைய அமெரிக்க மேற்கின் பாணித் துப்பாக்கிகளையும் உடையையும் வைத்து நடக்கும் சுடும் போட்டி. அதில் சுடுகிறவர்களில் ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் ஒன்றாக நின்றால் பேச்சு சீக்கிரமே கைவலிக்கு வந்துவிடும். கட்டைவிரல் அடியில் குத்துகிறது, போட்டி முடிந்த இரவு பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை, மறுநாள் சாவி திருப்பினால்கூடச் சுரீர் என்கிறது. உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்லும் யோசனை "லோடைக் குறைத்துப் பார்" என்பதுதான், அதாவது பலம் குறைந்த தோட்டாவுக்கு மாறு என்று. தோட்டாவின் வேகம் குறைந்தால் உதை குறையும், உதை குறைந்தால் வலி குறையும் என்று கணக்கு. அது பாதிதான் சரி. இந்த விளையாட்டில் கையைக் கெடுப்பது பெரும்பாலும் உதை இல்லை, ரிவால்வரின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலை (ஹேமர்) இழுக்கும் வேலை. அதுவும் போட்டியில் இழுப்பதைவிட வீட்டில் பயிற்சி என்ற பெயரில் இழுப்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சாஸ் (சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி) அமைப்பின் விதிப்படி பிரதானப் போட்டியில் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் மட்டும்தான். ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலை விரலால் பின்னுக்கு இழுத்தே ஆக வேண்டும், விசை (டிரிகர்) அந்த வேலையைச் செய்து தராது. ஸ்டேஜ் என்கிற ஒரு சுற்றில் வழக்கமாக இரண்டு ரிவால்வரிலும் சேர்த்து 10 குண்டு, ரைஃபிளில் 10, ஷாட்கன்னில் நாலோ அதற்கு மேலோ. மாதாந்திரப் போட்டியில் ஆறு ஸ்டேஜ் என்று வைத்தால் சுத்தியல் 60 முறை இழுபடுகிறது. பன்னிரண்டு ஸ்டேஜ் கொண்ட பெரிய வருடாந்திரப் போட்டியிலும் 120 தான், அதுவும் இரண்டு மூன்று நாளில் பிரிந்து வரும். இப்போது வீட்டுக்கு வாருங்கள். தோட்டா இல்லாமல், நாலு நொடிக்கு ஒரு தடவை என்று நிதானமாக இழுத்தாலே 20 நிமிடத்தில் 300 ஆகிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் அப்படிச் செய்கிறவர் மாதத்துக்கு 3,600 முறை சுத்தியலை இழுக்கிறார், அதில் ஒரு தடவைகூட உதை கிடையாது. அப்புறம் போட்டியில் வலிக்கும்போது பழி தோட்டாவின் மேல் விழுகிறது.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு மூட்டு இருக்கிறது. விரலை எல்லாப் பக்கமும் சுழற்ற உதவுவது அதுதான், வயதானால் முதலில் தேயும் மூட்டுகளில் ஒன்றும் அதுதான். விரல் நுனியில் கிள்ளுவது போல ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழும் என்பது கையின் இயக்கத்தை அளந்தவர்கள் போட்ட கணக்கு. நெம்புகோல் நீளம் அப்படி. சுத்தியல் முனையைக் கட்டைவிரல் நுனியால் இழுக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதேதான். அதனால் லோடைக் குறைப்பதற்கு முன்னால் சுத்தியலை எந்த விரல், விரலின் எந்த இடம், எவ்வளவு எடையை எதிர்த்து இழுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வலி எங்கே என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"கை வலிக்கிறது" என்பது போதாது. கட்டைவிரல் அடிமூட்டில் வலித்து, அந்த விரலைப் பிடித்து லேசாக உள்ளே அழுத்திச் சுழற்றும்போது நரநரவென்று உணர்ந்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடிமூட்டில் இல்லாமல் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலி என்றால், கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன்மேல் மற்ற விரல்களை மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். அங்கே வெட்டினாற்போல வலித்தால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம், டி குவெர்வேன் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். விரலை மடக்கினால் மாட்டிக்கொண்டு, நீட்டும்போது டக்கென்று விடுபட்டால் அது வேறு சங்கதி. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தைச் சந்தேகப்படுங்கள்.

நடுவிரல் முட்டி கன்றிப்போகிறதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிகிறதா? இவை இரண்டும்தான் உண்மையில் உதையால் வருகிறவை. இவற்றைச் சரிசெய்வது சுலபம். மற்றவற்றுக்குத்தான் பொறுமை வேண்டும்.

எந்தக் கட்டைவிரல் இழுக்கிறது?

இரண்டு கையாலும் பிடித்துச் சுடுகிறவராக இருந்தும் சுடும் கையின் கட்டைவிரலாலேயே சுத்தியலை இழுத்துக்கொண்டிருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சுடும் கை பிடிக்கட்டும், விசையை அழுத்தட்டும். இழுக்கும் வேலை துணைக் கையின் கட்டைவிரலுக்கு. வேகமாகச் சுடும் இரண்டு கைக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள், வலிக்காக அல்ல, வேகத்துக்காக. இதில் பிடி கலையாது, குறியும் அவ்வளவாக நகராது.

செய்யும் விதம் இதுதான். சுடும் கையால் பிடியைப் பற்றி, அந்தக் கையின் கட்டைவிரலைக் கீழே மடக்கி நடுவிரல் பக்கம் ஓய்வாக வைத்துவிடுங்கள், சுத்தியலின் பாதையில் அது இருக்கக்கூடாது. துணைக் கையின் நாலு விரலும் சுடும் கை விரல்களின் மேல் சுற்றி வரட்டும். துணைக் கையின் கட்டைவிரல் மட்டும் மேலே, சுத்தியலுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும். குண்டு போனதும் அது சுத்தியலின் மேல் படிந்து, கீழ்நோக்கித் துடைப்பது போல இழுத்துவிட்டு விலகும். நுனியால் இழுக்காதீர்கள். நுனிக்கு அடுத்த மூட்டை ஒட்டிய சதைப்பகுதி சுத்தியலில் படும்படி கொஞ்சம் ஆழமாகப் போடுங்கள், நெம்புகோல் குட்டையாகிவிடுவதால் அடிமூட்டுக்குப் பாரம் குறையும். விரலை மட்டும் மடக்கி இழுப்பதைவிட, கை முழுவதும் லேசாகக் கீழே உருளும்படி இழுத்தால் இன்னும் நல்லது.

இரண்டு எச்சரிக்கை. விசையை முழுக்க விட்டுவிட்ட பிறகுதான் சுத்தியலை இழுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தபடி இழுத்தால் சுத்தியல் நிற்காமல் விழுந்து குண்டு போய்விடும், ஃபேனிங் (விசையை அழுத்தியபடி மறு கையால் சுத்தியலைத் தட்டித் தட்டிச் சுடுவது) போன்ற வேலைக்கு இந்தப் போட்டியில் இடமே இல்லை. அடுத்து, குண்டு புறப்படும் நேரத்தில் எந்த விரலும் சுத்தியலுக்குப் பின்னாலோ சிலிண்டருக்கு முன்னாலோ இருக்கக்கூடாது. புதுப் பிடியைப் பழகும்போது காலி ரிவால்வரில், மிக மெதுவாக, சில நாள் பழகிவிட்டுத்தான் களத்துக்குப் போக வேண்டும்.

துணைக் கையின் விரல்தான் கெட்டிருக்கிறது என்றால்? அப்போது இழுக்கும் வேலையைச் சுடும் கைக்கே கொடுக்கலாம், அல்லது கைகளை இடம் மாற்றிப் பழகலாம். இரண்டாவது கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் இலக்குகள் பெரியவை, தூரமும் ஏழு பத்து கஜம்தான். பழகிக்கொள்ள முடிகிற விஷயம். இரண்டு கையும் வலித்தால் அடுத்த பகுதிதான் உங்களுக்கு முக்கியம்.

ஒற்றைக் கையால் சுடும் டூயலிஸ்ட் பிரிவும், இரு கையிலும் ரிவால்வர் வைத்து மாறி மாறிச் சுடும் கன்ஃபைட்டர் பிரிவும் பார்க்க அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் கன்ஃபைட்டரில் இரண்டு கட்டைவிரலும் தன் தன் சுத்தியலைத் தானே இழுக்க வேண்டும், உதவிக்கு ஆள் இல்லை. மூட்டு தேய ஆரம்பித்தவர்கள் இதில் பிடிவாதமாக இருப்பது வீண். 49 வயது முதல் ஃபார்ட்டிநைனர், 60 வயதுக்கு மேல் சீனியர் என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன, அவற்றில் தாராளமாக இரண்டு கையாலும் பிடிக்கலாம். பிரிவை மாற்றினால் மானம் ஒன்றும் போய்விடாது.

ஸ்பிரிங்கும் சுத்தியலும்

இந்தப் போட்டியில் பலர் வைத்திருக்கும் ரூகர் வக்கேரோ ரிவால்வரில் கம்பெனி மெயின்ஸ்பிரிங் (சுத்தியலை அடிக்க வைக்கும் ஸ்பிரிங்) 23 பவுண்டு கணக்கு. மாற்று ஸ்பிரிங்குகள் 17, 18, 19 பவுண்டு அளவுகளில் கிடைக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் ஆறு பவுண்டு பெரிதாகத் தெரியாது, ஆனால் மேலே சொன்ன நெம்புகோல் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள், நுனியில் குறைவது அடிமூட்டில் பல மடங்காகக் குறைகிறது. விலையும் அற்பம். ஆயிரக்கணக்கில் செலவழித்து ரிவால்வர் வாங்கியவர்கள் இதை மாற்றாமல் வருடக்கணக்கில் வலியோடு சுடுவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

ஸ்பிரிங் தளர்ந்தால் சுத்தியல் அடிக்கும் வேகம் குறையும், சில பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிக்காது. வெடிக்காத குண்டு தவறவிட்ட குண்டாகவே கணக்காகும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி. ஃபெடரல் பிரைமர் மென்மையானது என்பது கௌபாய் வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், 17 பவுண்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள். வேறு பிரைமர்தான் கிடைக்கிறது என்றால் 18 அல்லது 19இல் நின்றுகொள்ளுங்கள். பிரைமர் முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், வெடிக்காததற்குப் பாதி நேரம் காரணம் அதுதான்.

உபெர்ட்டி போன்ற கம்பெனிகள் செய்யும் பழைய கோல்ட் (Colt) ரிவால்வர் நகல்களில் இருப்பது பட்டை ஸ்பிரிங். மெல்லிய மாற்றுப் பட்டை வாங்கலாம், அல்லது பட்டையின் அடியில் ஒரு தோல் துண்டோ வாஷரோ வைத்து அதன் இறுக்கத்தைக் குறைப்பது பழைய உத்தி. உள்ளே உரசும் இடங்களை மெருகேற்றினால் இழுப்பு இன்னும் வழுக்கும். ஆனால் சுத்தியல் பற்கள், விசை முனை இவற்றில் வீட்டில் அரம் போடாதீர்கள். தானாக விழும் சுத்தியல் யாருக்கும் வேண்டாம். இதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தியலின் வடிவமும் பெரிய விஷயம். சாதாரண வக்கேரோவில் சுத்தியல் முனை உயரமாக, குறுகலாக நிற்கும், கட்டைவிரல் எட்டிப் பிடிக்க வேண்டும், எட்டும்போதுதான் அடிமூட்டு மோசமான கோணத்துக்குப் போகிறது. பிஸ்லி, சூப்பர் பிளாக்ஹாக் என்ற வேறு ரிவால்வர் மாடல்களின் சுத்தியல்கள் தாழ்ந்து, அகலமாக இருக்கும். சாஸ் போட்டிக்காரர்களுக்கென்றே ரூகர் தாழ்ந்த முனை வைத்த வக்கேரோ ஜோடிகளை விற்றிருக்கிறது. அகலமான முனையில் பாரம் விரலில் பரவி விழும், வழுக்கவும் செய்யாது. விரல் வழுக்கினால் பாதி இழுபட்ட சுத்தியல் விழுகிறது, அது வலிப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை.

பிடி

ஏர்க்கால் போல வளைந்த பழைய பிடி உதைக்கும்போது உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும். ஒரு காலத்தில் அது வசதி, உருண்டு வரும்போது சுத்தியல் தானாகவே கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். லேசான தோட்டாவோடு இரண்டு கையால் சுடும்போது அந்த உருட்டல் தேவையில்லை, அதை வரவிடாமல் சுண்டுவிரலைப் பிடிக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். சிலர் சுண்டுவிரலைப் பிடியின் அடியில் மடித்து வைப்பார்கள், கை பெரிதாக இருந்தால் அது வசதிதான். பிஸ்லி பிடி நேராக இறங்கும், உருளாது, உதையை உள்ளங்கை முழுவதும் வாங்கும். எது நல்லது என்று சண்டை போட வேண்டாம், இரண்டையும் யாரிடமாவது கடன் வாங்கி ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள்.

நடுவிரல் முட்டியில் அடி விழுகிறது என்றால் விசைக் காப்பின் பின்பக்கம் அதன் மேல் மோதுகிறது என்று அர்த்தம். பிடியைச் சற்றே கீழிறக்கி, காப்புக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூலிடை விட்டால் நின்றுவிடும். பிடிக்கட்டை ரொம்ப மெல்லிசாக இருந்தால் விரல்கள் உள்ளங்கையில் குத்தும், அளவுக்கு மேல் இறுக்கிப் பிடிப்பீர்கள். ரொம்பத் தடியாக இருந்தால் கட்டைவிரல் சுத்தியலுக்கு எட்டாது. பிடியைக் கொஞ்சமும் நகர்த்தாமல் கட்டைவிரல் சுத்தியலில் படிகிறதா என்பதுதான் பரீட்சை. கட்டையை மாற்றும்போது விதிநூலைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், நவீன இலக்குத் துப்பாக்கிப் பிடிகளுக்கு இங்கே இடமில்லை.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? கை நடுங்க ஆரம்பித்தால் அதிகம். மணிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் இரண்டு மடங்கு இறுக்குகிறோம், அது வேகத்தைக் கூட்டாது, முழங்கை வலியைத்தான் கூட்டும். ஆனால் தளரவும் விடக்கூடாது. காலி துப்பாக்கியைக் கீழே போட்டால் அந்த ஸ்டேஜ் போச்சு, குண்டுள்ள துப்பாக்கியைப் போட்டால் போட்டியே போச்சு.

கையுறை போடலாம், ஆனால் நவீன ஷூட்டிங் கையுறை ஆடை விதிப்படி கூடாது. மெல்லிய மான்தோல் கையுறை சரி. விசை விரலின் நுனியை மட்டும் வெட்டிக்கொண்டால் உணர்வும் போகாது.

இப்போது லோடு

சரி, தோட்டாவுக்கு வருவோம். பவர் ஃபேக்டர் என்பது குண்டின் எடையை கிரெய்னில் (தோட்டா எடைக்கான சிறு அலகு) எடுத்து, நொடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தது. புகையற்ற மருந்துத் தோட்டாவுக்கு விதி கேட்பது குறைந்தது 60, வேகமும் நொடிக்கு 400 அடிக்குக் குறையக்கூடாது. ரிவால்வருக்கு மேல் வரம்பு 1000 அடி. .45 கோல்ட்டில் 250 கிரெய்ன் குண்டு 750 அடி வேகத்தில் போனால் 187. .38 ஸ்பெஷலில் 105 கிரெய்ன் குண்டு 700 அடியில் போனால் 73. உதையில் பாதிக்கும் கீழே. இதற்கு மேல், ஒரே மாடல் ரிவால்வரில் .357 வடிவம் .45ஐவிடக் கனமாக இருக்கும், ஏனென்றால் சிலிண்டரிலும் குழலிலும் துளை சிறியது, இரும்பு அதிகம். கனம் கூடினால் உதை இன்னும் குறையும். வலியோடு இருப்பவர் புதிதாக வாங்கப் போகிறார் என்றால் .357 வாங்கி, அதிலேயே பொருந்தும் .38 தோட்டாவைச் சுடுவதே என் பரிந்துரை. .45இன் சத்தமும் அந்தக் காலத்து உணர்வும் வேண்டும் என்பவர்களை நான் தடுக்கவில்லை, அவர்கள் 160 முதல் 200 கிரெய்ன் குண்டுக்கு இறங்கலாம், அல்லது நீளம் குறைந்த கௌபாய் .45 ஸ்பெஷல் கூட்டைப் பயன்படுத்தலாம். இன்னும் கீழே போக .32 எச்&ஆர் மேக்னம் தோட்டா இருக்கிறது. பிரதானப் போட்டியில் .32தான் மிகச் சிறிய அளவு.

குறைத்துக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து உண்டு. பெரிய .45 கூட்டில் துளியூண்டு மருந்து போட்டால் அது கூட்டுக்குள் அங்குமிங்கும் உருளும், குண்டுக்குக் குண்டு வேகம் மாறும், சில சமயம் குண்டு குழலிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த குண்டை அதன் பின்னால் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். மருந்துக் கம்பெனிகள் அச்சிட்ட அளவுக்குக் கீழே சொந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிடப் பொக்கென்று வந்தால் நிறுத்துங்கள், அது எவ்வளவு நல்ல ஸ்டேஜாக இருந்தாலும் சரி.

கனமான ரிவால்வர் எல்லாருக்கும் வரம் இல்லை. மணிக்கட்டு தசைநாண் வீங்கியவருக்கு இரண்டரை பவுண்டு இரும்பை உறையிலிருந்து உருவி எடுப்பதே வேதனை. அவர்களுக்குக் குட்டைக் குழல் நல்லது.

பயிற்சியைக் குறைக்காமல் இழுப்பைக் குறைப்பது

முன்னால் சொன்ன 3,600க்கு வருவோம். தோட்டா இல்லாப் பயிற்சியில் மனிதர்கள் எல்லாவற்றையும் சுத்தியலோடு சேர்த்தே செய்கிறார்கள். உறையிலிருந்து எடுப்பது, பிடி அமைவது, முதல் இலக்கைப் பார்ப்பது, ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கண்ணை நகர்த்துவது, திரும்ப உறையில் வைப்பது, கால் வைக்கும் இடம், ரிவால்வரிலிருந்து ரைஃபிளுக்கு மாறுவது — இதில் எதற்கும் சுத்தியல் தேவையே இல்லை. நேரத்தைத் தின்பதும் இவைதான். ஸ்டேஜில் நொடிகள் போவது பெரும்பாலும் துப்பாக்கி மாற்றும்போதுதான், குண்டுக்கும் குண்டுக்கும் நடுவில் அல்ல. ஆகவே பயிற்சியின் பெரும்பகுதியைச் சுத்தியல் தொடாமல் செய்யுங்கள். இழுப்புப் பயிற்சிக்கு ஒரு நாளைக்கு 50 என்று எல்லை வையுங்கள், பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் கையைக் கீழே தொங்கவிட்டு. வலி தொடங்கினால் 50 வரவில்லை என்றாலும் அன்றைக்கு அவ்வளவுதான். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் சுத்தியலைத் தொடவே வேண்டாம்.

கைக்கு வலு சேர்க்கிறேன் என்று ஸ்பிரிங் வைத்த அழுத்துக் கருவி வாங்காதீர்கள். அடிமூட்டு தேய்ந்தவருக்கு அது எரிகிற தீயில் எண்ணெய். வேண்டியது எதிர்த் திசை. விரல்களைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு விரித்து விரித்துப் பழகுங்கள், ஆள்காட்டி விரலை மட்டும் ரப்பருக்கு எதிராகக் கட்டைவிரல் பக்கமாக நகர்த்துங்கள். அந்த விரலின் பக்கத்தில் இருக்கும் தசை வலுவானால் கட்டைவிரல் அடிமூட்டை அது நிலையாகப் பிடித்துக்கொள்ளும். முழங்கை வலிக்கு, லேசான எடையைக் கையில் வைத்து மணிக்கட்டை மிக மெதுவாகக் கீழே இறக்குவது பலன் தரும், வாரக்கணக்கில் செய்ய வேண்டும்.

போட்டி நாள்

காலைக் குளிரில் விறைத்த கையோடு முதல் ஸ்டேஜுக்கு நிற்காதீர்கள். பாக்கெட்டில் சூடாக்கும் பை வைத்திருங்கள், உங்கள் பெயர் கூப்பிடும்வரை கை உள்ளேயே இருக்கட்டும். சுட்டு முடித்து அடுத்த முறை வருவதற்குள் அரை மணி நேரமாவது இருக்கும். அந்த அரை மணியில் என்ன செய்கிறோம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குனிந்து வெற்றுக் கூடுகளைப் பொறுக்குவது, விழுந்த இரும்பு இலக்குகளைத் தூக்கி நிறுத்துவது எல்லாம் கிள்ளும் கையின் வேலைதான். ஒதுங்கி நிற்க வேண்டாம், அது நன்றாக இருக்காது, பாஸியில் (சேர்ந்து சுடும் உங்கள் குழுவில்) இலக்கு எண்ணும் வேலையையோ டைமர் வேலையையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணும் காதும் போதும். துப்பாக்கி வண்டியைத் தள்ளும்போதும் முன்கையால் தள்ளுங்கள், தூக்காதீர்கள்.

கட்டைவிரல் அடியை ஒட்டும் பட்டையால் எட்டுப் போலச் சுற்றிக் கட்டினால் மூட்டு அதிகம் ஆடாது, அதன் மேல் தோல் கையுறை போட்டுவிட்டால் வெளியே தெரியாது. வெல்க்ரோ வைத்த மூட்டுப் பட்டை போடுவதானால் போட்டி நடத்துபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நைலானும் வெல்க்ரோவும் ஆடை விதிக்கு ஆகாதவை. இரவிலும் கார் ஓட்டும்போதும் தோட்டா தயாரிக்கும்போதும் அதைத் தாராளமாகப் போடலாம், உண்மையில் அதிகப் பலன் அப்போதுதான்.

வலி மாத்திரையைப் பற்றி: காலையில் இரண்டு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு வருவது இங்கே சகஜம். வயிறு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் இவற்றில் கோளாறு இருப்பவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மூட்டில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் பலருக்குப் போதுமானது, 2020 முதல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. தூக்கம் வரவைக்கும், தலையை மந்தமாக்கும் எந்த மாத்திரையோடும் சுடும் வரிசைக்கு வரக்கூடாது, மதுவுக்கு உள்ள அதே விதிதான். மாலையில் வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம்.

ஸ்டேஜ் நடுவில் வலி வந்தால் வேகத்தை விடுங்கள். ஒரு குண்டுக்கு அரை நொடி கூடுதலாக எடுத்தாலும் பத்துக் குண்டுக்கு ஐந்து நொடி, அது ஒரே ஒரு தவறிய குண்டின் விலை. வலிக்குப் பயந்து விசையைப் பிடுங்கினால் தவறுவது ஒன்றோடு நிற்காது. விரல் பலமிழந்து சுத்தியல் நழுவ ஆரம்பித்துவிட்டது என்றால் வேகத்தைக் குறைப்பதல்ல வழி, துப்பாக்கியைக் களத்தை நோக்கி வைத்தபடி நிறுத்திவிட்டு டைமர்காரரிடம் சொல்வதுதான்.

ரிவால்வருக்கு வெளியே

ரைஃபிள் லீவரின் உள்பக்கத்தைத் தோல் வாரால் சுற்றுங்கள், விரல் முட்டி பிழைக்கும். ஷார்ட் ஸ்ட்ரோக் கிட் போட்டால் லீவர் ஓடும் தூரம் குறையும். ஷாட்கன்னுக்கு லேசான தோட்டா போதும், இரட்டைக் குழலில் அறைகளை மெருகேற்றினால் வெற்றுக் கூடு இழுக்காமலே விழும்.

தோட்டாவை வீட்டில் தயாரிப்பவர்கள் பிரஸ் (தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கருவி) கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். ஒரு சாயங்காலம் 500 தோட்டா என்றால் 500 இழுப்பு. பந்து வடிவக் கைப்பிடி கட்டைவிரலை விரித்துப் பிடிக்க வைக்கிறது, அதற்குப் பதில் குறுக்குக் கட்டை போன்ற கைப்பிடி போட்டு, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, உள்ளங்கையாலும் உடல் எடையாலும் இழுங்கள். நூறு நூறாகப் பிரித்துச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால், அல்லது விரல் மரத்துப்போகிறது, மாட்டிக்கொள்கிறது, காலையில் அரை மணிக்கு மேல் கை விறைத்தே இருக்கிறது, மூட்டு சூடாக வீங்கியிருக்கிறது என்றால், கை மருத்துவரிடம் போங்கள். போகும்போது சுத்தியல் இழுக்கும் அசைவைச் செய்து காட்டுங்கள். "துப்பாக்கி சுடுவேன்" என்று மட்டும் சொன்னால் அவர் உதையைத்தான் நினைப்பார். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரமோ சில மாதமோ நிம்மதி கிடைக்கலாம், ஆனால் போட்டிக்கு முந்தைய நாள் போட்டுக்கொண்டு மறுநாள் களத்துக்கு வராதீர்கள், வலி மறைந்த மூட்டை அளவுக்கு மீறி உழைக்க வைத்துவிடுவீர்கள். அடிமூட்டு அறுவைச் சிகிச்சை வரை போனால் கை பழைய பலத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் போட்டிகள் ஓய்ந்திருக்கும் பருவத்தின் தொடக்கத்திலேயே தேதி வாங்கிக்கொள்வது நல்லது.